குறிஞ்சித்தேனில் கலந்த கசப்பு

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' 1963ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. நீலகிரிப் படகர்களின் பழக்கவழக்கங்களை அழகாகச் சித்திரித்த நாவல் என்று பாராட்டிவிட்டு அமைபவர்கள் பலர். அது குறைந்த பாராட்டாகும். ஒரு மக்களின் உடையையும் திருவிழாவையும் அறிந்துகொள்வதற்கு நாவல் எதற்கு? அரசாங்கக் கையேடே போதுமே! முன்னேற்றம் என்று எல்லாரும் வரவேற்கும் ஒன்று ஊருக்குள் புகும்போது, அங்கே முதலில் உடைவது எது என்பதன்றோ இந்நூலின் உண்மையான பொருள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலை முழுதும் நீலமாகப் பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு காலத்தை அளக்கும் மக்கள் இவர்கள். சாமையும் ராகியும் விளைத்தும், எருமை வளர்த்தும் வாழ்ந்தவர்கள். கதையின் நடுவே நிற்கும் ஜோகி இந்த வாழ்வின் பிள்ளை. சிறு வயதிலேயே உதகைக்கு ஓடிப் பணத்தின் சுவை கண்ட ரங்கன் அதற்கு நேர் எதிர். இவ்விருவரையும் நல்லவன், தீயவன் என்று எளிதில் பிரித்துவிட ஆசிரியை விரும்பவில்லை. அவரது நோக்கம் பயிரின்மேல் சென்றது. அங்கேதான் நாவலின் வன்மை இருக்கிறது.

சாமையை அறுத்தால் வீட்டில் சேர்க்கலாம். விலை சரிந்தாலும் உண்ணலாம். இல்லாதவனுக்கு ஒரு படி கொடுக்கலாம். தேயிலையின் இயல்பு வேறு. கிள்ளிய கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் சேர்த்தாக வேண்டும். அதன் விலையை ஊரார் எவரும் காணாத சந்தை ஒன்று தீர்மானிக்கிறது. செடியோ பல பத்தாண்டுகள் மண்ணை விட்டு அகலாது. வேண்டாம் என்று மறு பருவத்தில் பழைய பயிருக்குத் திரும்ப இயலாது. நிலத்தோடு உறவும் மாறுகிறது. தானியம் விளைந்த காலத்தில் அண்டை வீட்டானாக இருந்தவன், ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்ததும் போட்டியாளன் ஆகிறான். தேயிலையை ஏற்க ஜோகி தயங்குவதைப் பழமைப் பித்து என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் உண்ண முடியாத பயிரை நம்பி வாழ்வதில் உள்ள ஆபத்தை அவன் கல்வியின்றியே உணர்ந்திருந்தான்.

அடுத்து வருவது மின்சாரம். நீலகிரியில் 1932ஆம் ஆண்டிலேயே பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது; பின்னர்க் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டு உதவியுடன் குந்தாத் திட்டம் எழுந்தது. ஆசிரியையின் கணவர் மின்பொறியாளர். அவரது பணியே ஆசிரியையை அம்மலைக்கு அழைத்துச் சென்றது. அணை கட்டுவோர் வீட்டிலிருந்துகொண்டு, அணையால் நிலம் இழப்போர் பக்கம் நின்று எழுதியிருக்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் குறை ஒன்று உண்டு. படித்துப் பொறியாளனாகும் இளைய தலைமுறையின் கையில் கதையை ஒப்படைத்து, குடும்பப் பகையை ஆற்றுவதில் முடிவு கவனம் கொள்கிறது. பகை தீரலாம், போன நிலம்? இழப்பீடு பெற்றவன் அப்பணத்தை என்ன செய்தான், எங்கே சென்றான் என்ற கேள்வி பாதியில் நிற்கிறது. 2003ஆம் ஆண்டு சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' இவ்விடத்தில் நினைவுக்கு வரும். 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையின் நீர் அங்கே பேயத்தேவர் வீட்டு வாசலுக்கே வருகிறது, அவரையும் கொண்டுபோகிறது. நடையில் அது உரக்கப் பேசும் நூல். ராஜம் கிருஷ்ணனின் அடக்கம் அதற்கு இல்லை. எனினும் கேட்க வேண்டிய கேள்வியை அது விடாமல் கேட்டுவிடுகிறது.

குறிஞ்சித்தேன் முடியும் இடத்திற்குப் பின் நீலகிரியில் நடந்தது ஜோகியின் அச்சத்திற்குச் சான்றாக நிற்கிறது. மலையின் புல்வெளியும் சோலைக்காடும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுபவை. அணைகளுக்கு நீர் தருவதே அவைதாம். அப்புல்வெளிகளிலேயே பெரும்பகுதியில், செயற்கைப் பட்டாலைக்கென யூக்கலிப்டஸும், தோல் பதனிடுவதற்கென வாட்டில் மரமும் நடப்பட்டன. குறிஞ்சி பூக்க இடம் சுருங்கியது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, சாமைக்கும் ராகிக்கும் இடமில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு படகர் குடும்பங்கள் பல கடனில் விழுந்தன. அவ்வீடுகளில் மின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.