200 பார் ஈரக்காற்று

ஓடிக்கொண்டே சுட வேண்டும். தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். நடுவில் மேகசின் மாற்ற வேண்டும். பிராக்டிகல் ஷூட்டிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் சார்?” என்று கேட்கும் தம்பிகள் தஞ்சாவூர்ப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெருக்கல் கணக்கு சொல்வேன். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். இது பிராக்டிகல் ஷூட்டிங்கை நடத்தும் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யின் விதி. நம் ஊரில் லைசென்ஸ்காரர்கள் வைத்திருக்கும் .32 பிஸ்டலில் 71 கிரெயின் குண்டு சுமார் 900 அடி வேகத்தில் போகும்; கணக்கு 64-இல் நின்றுவிடும். அந்த விளையாட்டில் பெரும்பாலோர் சுடும் 9 மி.மீ. இங்கே தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனாரே என்பார்கள். போனார், அது ட்ராப், ஷாட்கன். அதற்கான மைதானமும் தோட்டாச் செலவும் வேறு.

மிச்சமிருப்பது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. வாய், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம். மாடியில் 10 மீட்டர் நீளமும், குறிக்குப் பின்னால் ஒரு நல்ல சுவரும் இருந்தால் போதும். என்னிடம் இருப்பது ஆஸ்திரியாவின் ஸ்டேயர் எல்.பி.10. 500 கிராமுக்குக் குறையாத ட்ரிகர், 1,500 கிராமுக்குள் எடை, வால்நட் பிடி எல்லாம் தெரிந்த சங்கதி. ட்ரிகரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதல் கட்டம் வெண்ணெய் மாதிரி நழுவும். விரல் ஓரிடத்தில் முட்டும். அதற்கப்புறம் நினைத்தால் போதும், விடுபட்டுவிடும். பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் ட்ரிகர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச்சுற்றின் நடுவே நம் வீராங்கனை மனு பாக்கரின் எலக்ட்ரானிக் பிஸ்டல் பழுதாகி, நிமிடங்கள் கரைந்து, 12-ஆம் இடத்தில் அவர் வெளியேறியதை நேரலையில் பார்த்தவன் நான். அதே ரகத் துப்பாக்கிகளோடு உலகமே பதக்கம் வாங்குகிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பிஸ்டலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் பிரச்சினை அதற்குள் போகிற காற்று.

குழாய்க்கு அடியில் இருக்கும் சின்ன சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்க வேண்டும். இதை பஞ்சர் கடையில் விளக்கிப் பார்த்திருக்கிறேன்.

“எத்தனை பவுண்டுண்ணே வைக்கணும்?”

“ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.”

“லாரிக்கே நூத்திச் சொச்சம்தாண்ணே,” என்று கம்ப்ரஸரை ஒருமுறை பார்த்துவிட்டு, “இத வச்சு கொக்கு, மடையான் சுடுவீங்களா?” என்றார். அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் குற்றம் என்றேன். அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

கேஸ் வெல்டிங் கடையில் ஆக்சிஜன் இருக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் அழுத்தமான ஆக்சிஜன் தீப்பிடித்து வெடிக்கும். புதுச்சேரியில் கடலுக்குள் முக்குளிக்கக் கற்றுத்தருகிறவர்களிடம் உலர்ந்த, வடிகட்டிய காற்று உண்டு. அங்கே நிரப்பிய பெரிய சிலிண்டரை ஊருக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை அரசுப் பேருந்தில் ஏற்றினால் கண்டக்டருக்குப் பதில் சொல்லி மாளாது. ஆக, கைப்பம்ப்.

டெல்டாவில் இந்தப் பம்ப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 100 மில்லி கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 20 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். ஐப்பசி மழையில், 26 டிகிரியில், 95 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நம் 20 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட அரை கிராம், பத்துச் சொட்டு. இருநூறு மடங்கு நெருக்கும்போது அந்த ஆவி தண்ணீராகத்தான் ஆக வேண்டும். பெரும்பகுதி பம்ப்பின் அடியில் தங்கும். வடிதிருகைத் தளர்த்தினால் ‘புஸ்’ஸென்று சீறி, கிரீஸோடு குழம்பி, நீர்மோர் நிறத்தில் வரும். வராத மிச்சம் சிலிண்டருக்குள் போகும், அங்கிருந்து, ஒவ்வொரு சுடலுக்கும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு.

ரெகுலேட்டர் திணறினால் வேகம் ஒரு சீராக இருக்காது. பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போக வேண்டியது 140-இல் போனால், 10 மீட்டர் தூரத்தில் 3 மி.மீ. கீழே படும். அவ்வளவுதானே என்று தோன்றும். தசமக் கணக்கில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ.; 3 மி.மீ. என்றால் 0.4 புள்ளி போச்சு. 2024-இல் பாரிஸில் அதே மனு பாக்கர் தங்கத்துக்கும் வெள்ளிக்குமான சுற்றுக்குப் போகாமல் வெண்கலத்தோடு நின்றது 0.1-இல்.

பம்ப்போடு வரும் சிலிகா ஜெல் வடிகட்டி வறண்ட தேசத்துக்காரர்களை நினைத்துச் செய்தது போல. மழைக்காலத்தில் அந்த நீலமணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறி ரோஜா நிறமாகிவிடும். இரும்பு வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் நீலம் திரும்பும். ஆனால் அந்த நிறம் கோபால்ட் நஞ்சு, வாணலி அதற்கப்புறம் சமையலறைக்குள் நுழையக் கூடாது. ஆரஞ்சு நிற மணிகள் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எனக்கே வியப்பாக இருந்தது இது: பனி கொட்டும் தை விடியலில், ஈரப்பதம் 90 சதவீதம் என்றாலும், 21 டிகிரிக் காற்றில் இருப்பது 16, 17 கிராம் தண்ணீர்தான். சுள்ளென்று காயும் சித்திரை மதியத்துக் காற்றில், 38 டிகிரியில், ஈரப்பதம் 40 சதவீதமே என்றாலும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். துணி சீக்கிரம் காய்கிறதே என்று வெயிலில் நின்று பம்ப் அடிப்பவர் வியர்வையும் சிந்தி, தண்ணீரையும் ஏற்றுகிறார். ஏசி போட்டு 24 டிகிரி, 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்த அறையில் கன மீட்டருக்கு 11 கிராம். ஐப்பசி முற்றத்துக் காற்றில் இருப்பதில் பாதிகூட இல்லை. எனவே எங்கள் வீட்டில் பம்ப் இப்போது படுக்கையறையில் நிற்கிறது. “ஏசியில உக்காந்து எவனாவது காத்தடிப்பானா?” என்ற கேள்விக்கு மேலே சொன்ன கணக்கு முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். கரண்ட் பில்லை எடுத்து நீட்டினார்கள்.

வால்நட் பிடியும் மழைக்கு ஊதும். உள்ளங்கைத் தாங்கியை அரைத் திருகு தளர்த்தினால் சரி.

பழைய பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் ட்ரிகரைச் சொடுக்கிப் பார்த்து மயங்குவதற்கு முன் சிலிண்டரைக் கழற்றிக் கையில் வாங்குங்கள். தயாரித்த தேதி அதிலேயே பொறித்திருக்கும். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். அதோடு, இதுவரை எந்த ஊர்க் காற்றை அடைத்தீர்கள் என்றும் கேளுங்கள். நாகப்பட்டினம் என்று பதில் வந்தால், புது சிலிண்டருக்கு ஆகும் தொகையைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.