தேவசகாயத்தின் வரலாற்றில் வீடு எங்கே?

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் போப் பிரான்சிஸ், குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இந்நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் இவரே. இவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், மணமானவர். இச்சிறப்பைக் கத்தோலிக்க நண்பர்கள் பெருமிதத்துடன் எடுத்துரைக்கின்றனர், அது தகும். புனிதர் வணக்கத்தைப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் உள்ள பழைய வழக்கை ஈண்டு எழுப்ப வேண்டுவதில்லை. இவ்வரலாறு எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதே நம் கேள்வி. இல்லறத்தார் என்று போற்றப்படும் ஒருவருடைய கதையில் இல்லம் எங்கே இருக்கிறது?

நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அலுவல் பார்த்தார். 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போருக்குப்பின் திருவிதாங்கூர்ப் படையில் பணியேற்ற டச்சுத் தளபதி டிலனாய், பொருளிழந்து சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரியின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரே தேவசகாயம் என்று தமிழாயிற்று. மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1749இல் தேவசகாயம் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர்ஊராய் இழிவுபடுத்தப்பட்டபின், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. தண்டனைக்குரிய காரணம் எது என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அதனை அவர்களிடமே விடுவோம்.

இனிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஞானஸ்நானத்திற்கும் சிறைக்கும் இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். சிறைவாசம் மூன்று ஆண்டுகள். பிரசங்கமும் நாடகமும் அந்த மூன்றாண்டுகளில் அடியடியாய் நடக்கின்றன. நான்காண்டுகளை ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன. இரத்தசாட்சியின் வரலாறு மரணத்தை நோக்கியே விரைவது அவ்விலக்கிய வகையின் இயல்பு என்று கூறலாம். ஆனால் அது தவிர்க்க முடியாத இயல்பன்று. 203ஆம் ஆண்டளவில் கார்த்தேஜில் மாண்ட பெர்பெத்துவாவின் வரலாறு, அவளுடைய கைக்குழந்தையையும் பாலூட்ட முடியாத வேதனையையும் தந்தையின் கண்ணீரையும் சிறைக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. அதனால் சாட்சி குறைவுபடவில்லை.

யோபுவின் கதையே நீலகண்டனை அசைத்தது என்பதை நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். அது ஒரு வீட்டின் அழிவைப் பற்றிய கதை. எனினும் எபிரெய நூலில் யோபுவின் மனைவி வாய் திறப்பது ஒரே வசனத்தில்தான் (2:9). பின்னர் கடிந்துகொள்ளப்பட்டு மறைகிறாள். இறுதி அதிகாரத்தில் பிள்ளைகள் மீண்டும் பிறக்கின்றனர். பெற்றவளைப் பற்றிப் பேச்சில்லை. இக்குறையை முன்னோர் உணர்ந்தே இருந்தனர் போலும். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் அவளுக்கு நீண்ட பேச்சு ஒன்றைத் தருகிறது: கூலிக்காரியாய் வீடுவீடாய் அலைவதாகச் சொல்கிறாள். ‘யோபின் ஏற்பாடு’ என்னும் பிற்கால யூத நூலில் கணவனுக்கு அப்பம் வாங்கத் தன் கூந்தலையே விற்கிறாள். டிலனாய் எந்த வடிவில் கதை சொன்னார் என்று ஆராய்வது வீண். ஆனால் தேவசகாயத்தின் வரலாற்றை எழுதினவர்கள் எபிரெய யோபுவின் வடிவத்தையே பின்பற்றிவிட்டார்கள் என்பது என் கருத்து. ஞானப்பூ ஞானஸ்நானம் பெறுகிறார். பின்பு கதையில் அவருக்கு வேலையில்லை.

வேலை இருந்தது. அக்கால நாயர் குலத்தில் மருமக்கள்வழி முறை நிலவிற்று. பெண்ணுக்குப் பாதுகாப்பும் உரிமையும் கணவனிடமிருந்து வருவதில்லை. தாய்வழித் தறவாட்டிலிருந்தே வரும். கணவன் மதம் மாறியதனாலேயே அவள் தன் தறவாட்டை இழக்க வேண்டியதில்லை. ஆகவே பார்கவி அம்மாளின் முடிவைக் ‘கணவனைப் பின்பற்றினாள்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதியாகும். தமக்கென இருந்த நிழலைத் தாமே விட்டு வந்தவர் அவர். சொந்த ஊரில் தீங்கு நேருமென அஞ்சி வடக்கன்குளத்திலேயே தங்கினார் என்பது மரபுச் செய்தி. அங்ஙனமாயின், அந்த வீட்டின் அன்றாட விசுவாசம் ஒரே விளக்கடியில் கூடியமர்ந்து காத்த விசுவாசமாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் இருபுறமும் நின்று காத்த விசுவாசமாகவும் இருந்திருக்கும்.

சாதி வேற்றுமை பாராது அனைவரும் சமம் என்று தேவசகாயம் வலியுறுத்தியதே மேல்குலத்தார் பகைக்குக் காரணமாயிற்று என்று வத்திக்கான் வெளியிட்ட வரலாறு கூறுகிறது. புனிதர் பட்டத்திற்கு முன்னரே, எதிர்ப்புக் குரல்களின் பயனாக, அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’ என்னும் பட்டமும் நீக்கப்பட்டது. நன்று. ஆனால் சமத்துவம் சந்தையில் பேசப்படுவதற்குமுன் அடுக்களையில் சோதிக்கப்படுகிறது. யார் திண்ணையோடு நிறுத்தப்படுவர், யாருக்கு உள்ளே இலை போடப்படும் என்பவை வீட்டுக்காரியின் கையும் சேர்ந்து தீர்மானிக்கும் காரியங்கள். இதனைப் பேசாத பிரசங்கம் பாதியே பேசிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று அழைத்தது. நமக்கும் இது புதிதன்று. 1529இல் லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தைக் குடும்பத் தலைவன் வீட்டாருக்குக் கற்பிக்கும் நூலாகவே அமைத்தார். ஆயின் இரு மரபுகளும் மனத்தில் வரைந்துகொண்ட படம் ஒன்றே: தகப்பன் நடுவில், மற்றோர் சுற்றிலும். இந்தப் படம் குமரி மாவட்டத்து வீடுகளுக்குப் பொருந்துகிறதா? தூத்தூர் வட்டாரக் கத்தோலிக்க ஊர்களின் ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் தங்குகின்றனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் பலர் திரும்பவேயில்லை. அடக்கம் செய்ய உடலும் கிடைக்காத வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் அன்று மாலையும் செபமாலையைத் தொடங்கியவர் யார்?

நம் சபைகளுக்கும் இது அயலார் செய்தியன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் ஆண்களின் வீடுகள் எந்தச் சேகரத்தில் இல்லை? போதகர் வீடு சந்திக்கச் செல்கிறார். ‘அவர் எப்போது வருகிறார்?’ என்று வினவுகிறார். வீட்டு ஜெபக்கூட்டத்தை அந்த விடுமுறைக்கு ஒத்திவைத்துத் திரும்புகிறார். அங்கே ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளை உட்காரவைத்து வேதம் வாசிப்பித்து ஜெபித்துவரும் தாய் வாசல்வரை வந்து அவரை வழியனுப்புகிறாள்.