பிள்ளை யாருக்கு? - மலையின் வழக்கமும் அலங்காரத்தம்மாளும்

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நான்காவதில் 'மலையாளி' என்ற தலைப்பில் ஒரு பகுதி இருக்கிறது. கேரளத்து மலையாளி அல்ல; சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் பழங்குடிகள். கொல்லிமலையில் ஒரு பெண் புருஷனை விட்டுவிட்டுத் தன் இனத்துக்குள்ளேயே வேறொருவனோடு போய் வாழலாம் என்கிறது அந்தப் பகுதி. ஆனால் அவனுக்குப் பிறக்கிற பிள்ளைகள்மீது உரிமை புருஷனுக்குத்தான். கடைசியில் அவை அவனிடமே வந்து சேரும். பச்சைமலையில் இதற்கு இடமில்லை என்றும் அது சொல்கிறது.

ஏற்காட்டுப் பக்கம் போய்வருகிற நம் தோழர்கள் சிலர் இதை வைத்துக்கொண்டு, 'பாத்தீங்களா, பழங்குடிப் பெண்ணுக்கு இருந்த சுதந்திரம் சமவெளிப் பெண்ணுக்கு இல்லே' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இந்த வாசிப்போடு உடன்பாடில்லை. முதலில் இது யார் எழுதிய பிரதி? காலனிய அதிகாரியின் பதிவேடு. அதே பகுதியில், மனைவியை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறாயா என்று ஒரு ஆணிடம் கேட்டால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றும் வருகிறது. கேட்பவன் ஆண், பதில் சொல்பவன் ஆண், எழுதிக்கொள்பவனும் ஆண். போனவளிடம் 'ஏம்மா போனே?' என்று யாரும் கேட்கவில்லை. அவள் தானே நடந்து போன செயல், பதிவேட்டில் அவன் கொடுத்த இரவலாக மாறிவிடுகிறது.

இரண்டாவது, அந்த வழக்கத்தையே கவனமாகப் பாருங்கள். அவள் வேட்கைக்கு வழி விட்டிருக்கிறார்கள். அவள் கர்ப்பத்துக்கு விடவில்லை. காதலனோடு போகிறவள், பெற்ற பிள்ளை ஒருநாள் கையை விட்டுப் போகும் என்பதைத் தெரிந்தே போகிறாள். காதலியாக இருப்பதற்கு அவள் தாய்மையைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இந்த மக்களின் பூர்வீகக் கதையிலும் இதே அமைப்புதான். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர்: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலை, மூத்தவனுக்குச் சேர்வராயன். அவர்கள் கட்டிக்கொண்ட பெண்களை ஒரு வடிவத்தில் கைக்கோளர் வீட்டுப் பெண், வேடர் வீட்டுப் பெண், தேவேந்திரர் வீட்டுப் பெண் என்று சொல்கிறார்கள். ஆண்களுக்குப் பிறந்த வரிசையாவது பெயராக நிற்கிறது. பெண்களுக்குச் சாதி மட்டுமே. மூன்று மலைக்கும் ஆதித்தாய்களாக இருக்க வேண்டியவர்கள் பெயர் இல்லாமல் போனார்கள்.

'அது மலை, நாம நாகரிகம்' என்று நினைப்பவர்கள் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலைத் திரும்பப் படிக்கலாம். சென்னையில் ஒரு பிராமணக் குடும்பம். அலங்காரத்தம்மாளுக்குச் சிவசு என்று ஒரு காதலன். கணவர் தண்டபாணிக்குத் தெரியும். கடைசிப் பிள்ளைகள் யாருடையவர்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் தண்டபாணியின் பிள்ளைகளாகவே வளர்கிறார்கள். கொல்லிமலையின் வழக்கம் அப்படியே இங்கே இருக்கிறது! மலையில் அவள் வெளியே நடந்து போகிறாள். இங்கே வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மௌனம் காக்கிறாள். வித்தியாசம் இவ்வளவுதான். அதுவும் போதாதென்று, தன் பாவத்தைக் கழுவ மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். கடைசியில் காசிக்குப் போகிறாள்.

நாவல் முழுக்க அவளைப் பார்ப்பது மகனின் கண். அம்மாவுக்கு ஆசை இருக்கலாமா என்பது அவனுடைய சிக்கலாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்புவிடம் தன் விருப்பத்தை நேரடியாகச் சொல்லும் விதவை இந்துவுக்காவது பேச வாய் இருக்கிறது. அலங்காரத்துக்கு அழகு இருக்கிறது, கம்பீரம் இருக்கிறது. தன் ஆசையைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு பக்கம் இல்லை.

மகள் பார்த்தால் என்ன ஆகும்? 'சிறகுகள் முறியும்' (1976) தொகுப்பில் உள்ள அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைப் படியுங்கள். அந்தச் சிறுமிக்கு அம்மாதான் முதல் அழகு, முதல் காதல் என்றே சொல்லலாம். அம்மா ஊரில் இல்லாதபோது அவள் பெரியவளாகிறாள். பயத்தோடு காத்திருக்கிறாள். அம்மாவோ, உறவுப் பெண்ணொருத்தி கறுப்பு என்று வரன் தட்டிப்போன கசப்போடு திரும்பி வருகிறாள். இதற்குள் உனக்கென்ன அவசரம் என்ற தொனியில் பேசிவிடுகிறாள். அம்மாவின் வாய்வழியாகப் பேசுவது கல்யாணச் சந்தைதான். ஆனால் மகளுக்குச் சந்தை தெரிவதில்லை. தெரிவது அம்மாவின் முகம். பெண்கள் அம்மாமீது வைத்திருக்கும் தீராத கோபத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அமைப்பு செய்கிற வேலையை அவள் கையால் செய்ய வைக்கிறார்கள். பழியும் அவளுக்கே.

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' என்று ஒரு இடம். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி உட்கார்ந்து மாலையை ரசித்தாளாம். அவள் பார்வைக்கு ஒரு நினைவிடம். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் தெரியும். 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய சேலம். பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிடு என்று அரசு தாயிடம் சொன்னது. உயிர்கள் காப்பாற்றப்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லாடலில் நிற்பவள் தாய் மட்டுமே: கொல்பவளும் அவள், விட்டுவிட்டுப் போகிறவளும் அவள். பெண் பிள்ளை வேண்டாம் என்ற தகப்பனும், வரதட்சணைக் கணக்கும், நிலத்தின் வாரிசுரிமையும் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

மலையில் பிள்ளை புருஷனுக்கு. சென்னை வீட்டில் பிள்ளை கணவரின் பெயருக்கு. சேலத்தில் பிள்ளை அரசின் தொட்டிலுக்கு. மூன்று இடத்திலும் பெற்றவளின் விருப்பம் கேட்கப்படவில்லை. பெண்ணின் வேட்கையை எழுத வருகிற தோழர்களுக்கும் தோழிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: யாரோடு போனாள் என்பதோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். போனபோது எதை விட்டுவிட்டுப் போக வைத்தார்கள் என்று கேளுங்கள். அதையும் அவளிடமே கேளுங்கள்.