துஞ்சிய மன்னரும் மர்ஹூம் பெயர்களும்

கல்வியின் சிறப்பைப் பேசும் மேடைகளில் புறநானூற்றின் 183-ஆம் பாட்டு இடம்பெறாமல் போவது அரிது. ஆசிரியர்க்கு வேண்டுவன செய்து, பணிந்து நின்று கற்க வேண்டும் என்பதும், தான் பெற்ற மக்களுள்ளும் கற்றவன் பக்கமே தாயின் மனம் சாயும் என்பதும் அதன் கருத்து. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நடைபெறும் இலக்கிய விழாக்களில் இப்பாட்டைக் கேளாதார் இரார். பாடியவர் யார் எனின், 'பாண்டியன் நெடுஞ்செழியன்' என்று விடை வரும். எந்த நெடுஞ்செழியன் என்று மேலும் வினவினால் பலர் தயங்குவர். சிலர், தலையாலங்கானத்துப் போரில் வென்றவன் என்பர். அது பிழை.

183-ஆம் பாட்டைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வேறொருவன். அவனும் புலவனே. அவன் பாடியது 72-ஆம் பாட்டு. இளையன் என்று தன்னை இகழ்ந்த பகைவரை வெல்லேனாயின், என் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக. மாங்குடி மருதன் தலைமையில் விளங்கும் புலவர்கள் என் நாட்டைப் பாடாது விடுக என்று அவன் வஞ்சினம் கூறுகின்றான். அம்மருதனாரே பின்னர் 782 அடிகளில் மதுரைக்காஞ்சியை அவன்மேற் பாடினார். ஒரே தொகை நூலில், ஒரே பெயருடைய, ஒரே குடியிற் பிறந்த இரண்டு அரசப் புலவர்கள் உள்ளனர். இருவரையும் பிரித்துக் காட்டுவது அடைமொழி ஒன்றே. அதை உதிர்த்துவிட்டுப் பெயரை மட்டும் சொன்னால் ஒருவன் மற்றொருவனுக்குள் மறைந்து போகின்றான்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் இறுதியில் அமைந்த கட்டுரை, கோவலனைக் கொல்வித்துத் தன் பிழை உணர்ந்த மன்னனை ஆரியப்படை கடந்தவன் என்றும், அரசு கட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியன் என்றும் குறிக்கின்றது. அக்கட்டுரையை ஏற்போர்க்குக் கல்வியைப் பாடியவனும் கண்ணகி முன் உயிர் நீத்தவனும் ஒருவனே. கற்றோன் வழியில் அரசும் செல்லும் என்று பாடியவனே ஆராயாது தீர்ப்பளித்தான் என்பது எண்ணி எண்ணி வருந்தற்குரிய செய்தி. வகுப்பில் ஒரு மணி நேரம் பேசத்தக்க செய்தியுமாகும். ஆனால் தலையாலங்கானத்தானை இங்கே கொணர்ந்து புகுத்திவிட்டால், கொடுங்கோலன் என்று பெயரெடுக்க அஞ்சிய இளைஞன்மேல் கோவலன் கொலைப் பழி ஏறிவிடும். செய்யாத குற்றத்தை ஒருவன் தலையில் ஏற்றுவதற்குப் பெயரொற்றுமை காரணமாகலாமா?

அரசர்க்குள் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது வியப்பன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் பழவழக்கு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. செழியன், மாறன், வழுதி, கிள்ளி, வளவன், கோதை, பொறை எனச் சில பெயர்களே மூவேந்தர் குடியில் சுழன்று வந்தன. ஆகவே புறநானூற்றைத் தொகுத்தோர் அடைமொழிகளைத் துணைக்கொண்டனர். அவற்றுள் வெற்றியால் வந்தன சில. கொடையாலும் உருவாலும் வந்தன சில. ஈண்டு நாம் நோக்க வேண்டியது மூன்றாவதொரு வகை. இறந்த இடத்தால் வந்த அடைமொழி அது.

வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்போர் பாண்டியர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்போர் சோழர். சிக்கற்பள்ளித் துஞ்சிய செல்வக்கடுங்கோ வாழியாதனும் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையும் சேரர். மூன்று குடிக்கும் இவ்வழக்கு பொது என்பது இதனாற் புலனாகும். மங்கல வழக்கிற்கு எடுத்துக்காட்டாகத் 'துஞ்சினார்' என்பதை இலக்கண வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் மேலே சென்று விடுகின்றோம். அச்சொல் இங்கே வரலாற்றுக் கருவியாகப் பயன்படுதலை எடுத்துக் காட்டுவார் சிலரே. பள்ளி என்று வருவதைக் கொண்டு இவ்வரசர் சமணராய் மாறித் துறவோர் உறையுளில் உயிர் நீத்தனர் என்று கூறுவாரும் உளர். பள்ளி என்பது படுக்குமிடத்தையும் குறிக்கும். ஒரு சொல்லின்மேல் ஒரு மதமாற்றத்தையே கட்டியெழுப்புவது மிகை.

58-ஆம் பாட்டின் தலைப்பைப் பார்க்க. சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஓரிடத்து ஒருங்கிருந்தபோது காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது அது. பாட்டினுள் இருவரும் உயிரோடு அருகருகே அமர்ந்திருக்கின்றனர். தலைப்பிலோ இருவரும் இறந்துவிட்டனர். எங்கே இறந்தனர் என்பதும் தெரிந்திருக்கின்றது. ஆகவே பாட்டு ஒரு காலத்தது, தலைப்பு அதற்குப் பிற்பட்டது என்பது தேற்றம். பிற்பட்டது என்பதனாலேயே தலைப்பைத் தள்ளிவிடுவார் சிலர். நம் கருத்து அதுவன்று. பிற்காலத்தார்க்குத்தான் ஒரே பெயரில் பலர் இருந்தமை இடர் தந்திருக்கும். அவ்விடரைத் தீர்க்க அவர்கள் தேடி வைத்த குறிப்பு இது. அதை எறிந்துவிட்டால் அந்த இடருக்கே நாமும் திரும்ப வேண்டியதுதான்.

கிள்ளிவளவர் இருவர் செய்தி இதனை நன்கு காட்டும். குளமுற்றத்துத் துஞ்சியவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியது 36-ஆம் பாட்டு. குராப்பள்ளித் துஞ்சியவன் கருவூரை எறிந்ததைக் கோவூர் கிழார் பாடியது 373-ஆம் பாட்டு. அதே கோவூர் கிழார் குளமுற்றத்தானையும் பாடியுள்ளார். மலையமானின் சிறுமக்களை யானைக் காலில் இடத் துணிந்தபோது இடைபுகுந்து தடுத்துப் பாடிய 46-ஆம் பாட்டை நம் மாணவர் அறிவர். பெயர் ஒன்று, பாடிய புலவரும் ஒருவர், போர் நிகழ்ந்த ஊரும் ஒன்று. இருவரையும் ஒருவராக்கிவிட யார்க்கும் மனம் தூண்டும். ஆனால் ஒருவன் இரண்டிடத்தில் இறக்க முடியாது. இருவரும் ஒருவரே என்பார், குளமுற்றமும் குராப்பள்ளியும் ஓரிடத்தின் இரு பெயர்கள் என்றோ, தொகுத்தவர் மயங்கினார் என்றோ சான்று காட்டல் வேண்டும். அதுவரை இருவர் என்றே கொள்வதுதான் முறை. சிறுகுடி கிழான் பண்ணனைத் தானே பாடிய கிள்ளிவளவன் குளமுற்றத்தான் என்பதையும் மாணவர்க்கு அடைமொழியோடு சொல்ல வேண்டும்.

இவ்வளவும் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பழங்கதை என்று மலேசிய மாணவன் ஒதுங்க வேண்டுவதில்லை. அவன் வாழும் நாட்டின் அரச மரபிலேயே இதற்கு நேரான வழக்கு உண்டு. மறைந்த மலாய் மன்னர்க்குச் சூட்டப்பெறும் 'மர்ஹூம்' பெயர் அது. இறையருள் பெற்றவர் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். பொதுமக்களுள் இறந்த முஸ்லிமை 'அல்லாயர்ஹாம்' என்றும், அரச குடியினரை 'அல்மர்ஹூம்' என்றும் இங்குள்ள நாளிதழ்கள் வேறுபடுத்தி எழுதுவதை நாம் நாளும் காண்கின்றோம். 'இறந்தார்' என்னும் வெறுஞ்சொல்லை விலக்கியது போலவே, அரசன் பெயரை வாளா கூறுவதையும் மலாய் மரபு விலக்கியது.

மலாக்காவின் கடைசிச் சுல்தான் மாமூட் ஷா. 1511-இல் போர்த்துக்கீசியரிடம் நகரை இழந்து, அலைந்து, 1528-இல் காம்பாரில் இறந்தார். அவர் 'மர்ஹூம் காம்பார்' எனப்பட்டார். இந்தக் காம்பார் சுமத்திராவில் உள்ளது. பேராக்கில் நாம் அறிந்த கம்பாரன்று. ஊர்களுக்கும் ஒரே பெயர் வந்து தொல்லை தருகின்றது! சொகூர் அரசில் பிறிதொரு மாமூட் ஷா இருந்தார். 1699-இல் கோத்தா திங்கியில், தொழுகைக்குச் செல்லும் வழியில், ஆட்கள் சுமந்து சென்ற பல்லக்கிலேயே மெகாட் ஸ்ரீ ராமாவால் குத்துண்டு மாண்டார். அவர் பெயர் 'மர்ஹூம் மங்காட் டிஜூலாங்'. தூக்கிச் செல்லப்படுகையில் மறைந்தவர் என்பது பொருள். மூன்றாம் மாமூட் ஷா 1812-இல் லிங்கா தீவில் மறைந்தவர். அவர் மக்கள் இருவரிடையே எழுந்த உரிமைப் பூசலே 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்வைக்க வழிவகுத்தது. பல்லக்கில் மறைந்த மாமூட்டைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு நம் சோழர் நினைவு வராமற் போகாது. 949-இல் தக்கோலப் போரில் வீழ்ந்த இராசாதித்தனைக் கல்வெட்டு யானைமேல் துஞ்சியவன் என்கின்றது. 1054-இல் கொப்பத்தில் மடிந்த இராசாதிராசனும் யானைமேல் துஞ்சியவனே. அடைமொழியே இருவர்க்குப் பொதுவாகிவிட்டது! ஆகவே இராசாதிராசனைக் குறிக்கும்போது கலியாணபுரமும் கொல்லாபுரமும் கொண்டவன் என்று கல்வெட்டு மேலும் ஒன்றைச் சேர்த்துக் கொள்கின்றது.

மர்ஹூம் பெயர் எல்லாம் இடப்பெயர் அல்ல. பேராக் அரச குடியில் சமயப் பெயர்களே மிகுதி. 1887 முதல் 1916 வரை ஆண்ட சுல்தான் இட்ரிஸ் 'மர்ஹூம் ரஹ்மத்துல்லா'. 1963 முதல் 1984 வரை ஆண்ட சுல்தான் இட்ரிஸ் 'மர்ஹூம் அஃபிஃபுல்லா'. 1922-இல் தஞ்சோங் மாலிமில் தோன்றிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முன்னவர் பெயரைத் தாங்கியது. இன்று அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்குப் பயின்று வந்த தமிழாசிரியர் பலர். தாம் பயின்ற கல்லூரி எந்த இட்ரிசின் பெயரால் அமைந்தது என்பதை அவர்கள் தம் மாணவர்க்குச் சொல்லி, அங்கிருந்து கிள்ளிவளவனுக்குச் செல்லலாம். மாணவன் எளிதிற் பற்றிக் கொள்வான்.

கிள்ளான் வாசகர்க்கு இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. 1850-களில் கிள்ளானை நிருவகித்தவர் இராசா அப்துல்லா. 1857-இல் அம்பாங்கிற்கு 87 சீனச் சுரங்கத் தொழிலாளரை அனுப்பிக் கோலாலம்பூரின் தோற்றத்திற்கு வழிகோலியவர். அதே ஆண்டில் கட்டப்பட்ட அவருடைய கிடங்கு கிள்ளானில் உள்ளது. 1867-இல் இராசா மாடியிடம் கிள்ளானை இழந்தார். பேராக்கிலும் ஓர் இராசா அப்துல்லா இருந்தார். 1874-இல் பங்கோர் உடன்படிக்கையால் சுல்தானாகி, 1875-இல் பர்ச் கொல்லப்பட்டதன் பின்விளைவாக 1877-இல் செய்செல்சு தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். தந்தை பெயரைச் சேர்த்தால் தெளியலாமே எனின், அதுவும் கைகொடாது. கிள்ளான் அப்துல்லாவின் தந்தை ரியாவின் இராசா ஜாபர். பேராக் அப்துல்லாவின் தந்தை சுல்தான் ஜாபர்! நம் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' என்று தந்தை பெயரை இணைக்கும் முறைகூட இங்கே தோற்றுவிடும். கிள்ளான், பேராக் என்னும் ஊர்ப்பெயர்களே இவ்விருவரையும் காக்கின்றன.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன், 1025-இல் இராசேந்திரன் கடாரத்தின்மேற் படையெடுத்தானே, அவன் வழியாகத் 'துஞ்சிய' வழக்கு இங்கு வந்து மர்ஹூம் ஆயிற்று என்று முழங்க நம்மவருள் சிலர் விரைவர். அவ்விரைவு வேண்டா. கடாரப் படையெடுப்பிற்கும் மர்ஹூம் காம்பாருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டு கிடக்கின்றது. மர்ஹூம் என்பது இசுலாத்தோடு வந்த சொல். சாவகத்து மாதாரம் அரசில் 1613-இல் மறைந்த மன்னனைக் கிராப்யாக்கில் இறந்தவன் என்னும் பொருள்பட 'சேடா இங் கிராப்யாக்' என்றே அழைத்தனர். கம்போசத்து அரசர்க்கும் இறந்தபின் வேறு பெயர் சூட்டும் வழக்கு இருந்தது. அங்கோர்வாட் எழுப்பிய சூரியவர்மன் 'பரமவிஷ்ணுலோகன்' ஆனான். பெயர்கள் சிலவாகவும் அரசர் பலராகவும் இருந்த இடங்களிலெல்லாம், மறைந்த மன்னனின் பெயரைச் சொல்லக் கூசிய இடங்களிலெல்லாம் இத்தகைய வழக்குத் தானே முளைக்கக் கூடும். ஒப்புமை வேறு, கடன் வேறு. ஒப்புமையைக் காட்டி மலாய் மாணவரோடு நம் மாணவர் தோழமை கொள்ளச் செய்யலாம். கடன் கொடுத்தோம் என்று உரிமை பேசினால் அத்தோழமை கெடும், உண்மையும் கெடும்.

முதலாம், இரண்டாம் என்று எண்ணிட்டு எழுதுவதால் இக்குழப்பம் தீராதா என்று கேட்கலாம். எண்ணிடுதல் ஐரோப்பிய வரலாற்றாசிரியர் வழியே வந்த எளிய முறை. அதை முற்றும் விலக்க வேண்டா. ஆயினும் அரசர் வரிசை முழுதும் தெரிந்தாலன்றி எண் நிலைபெறாது. பிற்காலப் பாண்டியருள் சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்னும் பெயரோடு பலர் உளர். கல்வெட்டுகளை ஆராய ஆராய அவர்தம் எண்ணும் ஆண்டும் மாறி வந்தன. சங்ககாலத்துக் கிள்ளிவளவர்க்கு எண்ணிடவோ நம்மிடம் ஆண்டுக் கணக்கே இல்லை. எவன் முதல்வன், எவன் இரண்டாமவன் என்று யார் அறிவார்? குளமுற்றமும் குராப்பள்ளியும் அப்படி மாறுவன அல்ல. ஆகவே வினாத்தாளிலும் வகுப்புக் குறிப்பிலும் இவ்வடைமொழிகளைப் பெயரின் பகுதியாகவே கொண்டு முழுமையாக எழுதுதல் வேண்டும். நீளமாக இருக்கின்றது என்று ஆசிரியர் ஒருவர் சலித்துக் கொள்ளலாம். நம் சுல்தான்மாரின் முழுப்பெயரை ஒரு முறை எழுதிப் பார்த்தால் அச்சலிப்பு நீங்கும்.

சேரமான் மாக்கோதையின் 245-ஆம் பாட்டை அடைமொழியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். மனைவி இறந்துவிட்டாள். அவள் உடலைச் சுடுகாட்டில் தீயிலிட்ட பின்னும் தன் உயிர் போகவில்லையே என்று அவன் நொந்து கொள்கின்றான். துயர் இத்தனை பெரிதாயிருந்தும் தன்னைக் கொல்லும் வலிமை அதற்கில்லையே என்று வியக்கின்றான். பாட்டு அந்த வியப்போடு நின்றுவிடுகின்றது. அவன் பின்னும் வாழ்ந்து கோட்டம்பலம் என்னுமிடத்தில் துஞ்சினான் என்பதைத் தலைப்பே நமக்குச் சொல்கின்றது.