கல்லா மூடிய பிறகு

கிட்டிப்புள்ளும் கபடியும் ஒரு காலத்தில் பிளேஸ்டேஷன் 2 தட்டுக்குள் இருந்தன. ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் 2009இல் ‘தேசி அட்டா’ என்ற பெயரில் நம் தெரு விளையாட்டுகளை டிவி திரைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அதே ஊரின் அரோனா டெக்னாலஜிஸ் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ விளையாட்டை வெளியிட்டது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டு என்று அது பேசப்பட்டது. 2013 ஜனவரியோடு பிஎஸ்2 உற்பத்தியை சோனி உலகெங்கும் நிறுத்திக்கொண்டது. அந்தத் தட்டுகள் இன்று புதிதாக எந்தக் கடையிலும் விற்பதில்லை. தட்டைப் படிக்கும் லென்ஸும் வீட்டுக்கு வீடு பழுதாகிக்கொண்டிருக்கிறது. ‘ஹனுமானை’ இப்போது விளையாட விரும்புகிறவருக்குப் பழைய பெட்டி கிடைக்காவிட்டால், பிஎஸ்2வைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர்தான் கதி. இது திருட்டா, பாதுகாப்பா என்று கேட்டால் இரு தரப்பும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. நான் பார்க்கச் சொல்வது கல்லாப்பெட்டியை. படைத்தவருக்குக் காசு போய்ச் சேரும் கல்லா திறந்திருக்கும்போது நகலை இறக்கிக்கொள்வது தவறு. அது மூடிய பிறகு நகலெடுத்து வைப்பது பண்பாட்டுக்குச் செய்யும் தொண்டு.

முதலில் கருவியையும் நகலையும் பிரித்துவிட வேண்டும். எமுலேட்டர் என்பது ஓர் இயந்திரத்தின் நடத்தையைக் கவனித்துப் புதிதாக எழுதப்பட்ட நிரல். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணினியில் ஓடவைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது. ஒரு நிரலை முறைப்படி வைத்திருப்பவர் அது எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம். வேறு நிரலோடு அதைப் பொருத்தத் தேவையான தகவலைக் கண்டறியலாம். சேதத்துக்கு அஞ்சிக் காப்பு நகலும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, சிக்கல் எமுலேட்டரில் இல்லை. அதற்குள் போடும் விளையாட்டுக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. சொந்தத் தட்டிலிருந்து தானே எடுத்த கோப்பு ஒரு வகை. முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கிய ஆயிரம் கோப்புகள் வேறு வகை. நடைமுறையில் பெரும்பாலானோர் செய்வது இரண்டாவதுதான் என்பதை எமுலேட்டரை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஆழமான வேர் உண்டு. 1990களில் ‘டிவி கேம்’ என்று நம் வீடுகளுக்குள் வந்தவற்றில் பெரும்பாலானவை நிண்டெண்டோ பெட்டியின் நகல்கள். அதோடு வந்த மஞ்சள் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். பட்டியலில் கீழே போகப் போக அதே சில விளையாட்டுகள் வேறு எண்ணிலும் வேறு பெயரிலும் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டின் வாயில் ஊதி மறுபடி சொருக வேண்டும். அந்த விளையாட்டுகளைப் படைத்தவர் யார், உரிமை யாருடையது என்ற எந்தச் செய்தியும் அந்தப் பெட்டியில் இருக்காது. அசலை வாங்கியிருக்கலாமே என்றால், 1995இல் ஷா வாலஸ் வழியாக இந்தியாவுக்கு வந்த சேகா மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். கன்னிவாடி போன்ற ஒரு பேரூராட்சியில் வெங்காயமும் பருத்தியும் பயிரிட்டு வாழும் குடும்பம் அந்தத் தொகையை ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது. 2011இல் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அப்படிப்பட்ட வீடுகளுக்கும் ஒரு கணினி வந்தது. புதிய விளையாட்டுகளுக்கு அதில் வலு போதாது. பழையவற்றை எமுலேட்டரில் ஓட்ட அது தாராளம். நகல் வழியாகத்தான் ஒரு தலைமுறை இந்தக் கலையையே அறிந்தது. அந்த வரலாற்றைக் குற்றப்பட்டியலாக வாசிப்பது அநியாயம். ஆனால் வறுமை அன்றைய செயலை விளக்குமே தவிர, இன்றைய செயல் ஒவ்வொன்றுக்கும் உரிமம் ஆகிவிடாது.

கல்லா திறந்திருக்கும் விளையாட்டுக்கு ‘வெண்பா’வை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. டொரோண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலையில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் உள்ளிட்ட பெட்டிகளிலும் கணினியிலும் வெளியிட்டது. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. எஞ்சிய வரிகளை வைத்து இட்லியையும் புட்டையும் நாம்தான் சரிவரச் செய்து முடிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. அது வெளியான காலத்தில் யூசு என்ற ஸ்விட்ச் எமுலேட்டர் உச்சத்தில் இருந்தது. 2023 மே மாதம் ‘செல்டா’ வரிசையின் புதிய விளையாட்டு, வெளியீட்டு நாளுக்கு முன்பே கசிந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டதாக நிண்டெண்டோ குற்றம் சாட்டியது. 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. நிண்டெண்டோவுக்கு அந்த இழப்பு கடலில் ஒரு குடம். அதே வழியில் ‘வெண்பா’வை ஒருவர் இறக்கினால், தமிழில் யோசித்து விளையாட்டு படைக்கத் துணிந்த ஒரு சிறு குழுவின் கூலியில் அது கைவைக்கிறது. நிண்டெண்டோ இந்தியாவில் முறையாகக் கடை திறக்கவில்லை, நாங்கள் வேறு என்ன செய்வோம் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஒரு சந்தையைப் புறக்கணிக்கும் நிறுவனம் அந்தச் சந்தையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது குரல் எடுபடாது. ஆனாலும் ‘வெண்பா’ கணினிக்கு ஸ்டீம் கடையில் ரூபாயிலேயே கிடைக்கிறது. வேறு வாசல் திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிக்கத் தேவையில்லை. பல்லாயிரம் விளையாட்டுகளை நிரப்பி இணையக் கடைகளில் விற்கும் கைப்பெட்டிகளைப் பற்றி எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. வாங்குபவர் காசு கொடுக்கிறார், விற்பவர் லாபம் பார்க்கிறார், படைத்தவருக்கு ஒரு பைசா போகவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

மூடிய கல்லாவின் கணக்கு இதைவிடப் பெரியது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ பெட்டிகளின் இணையக் கடையை நிண்டெண்டோ மூடியது. அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளுக்கு அதன்பின் வாங்கும் வழியே இல்லாமல் போனது. இழப்பு எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படம் நம்மிடம் இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ஸும் இல்லை. படச்சுருளுக்கு உரியவர்கள் இருந்தார்கள், ஆனால் நகலெடுத்து வைப்பது தங்கள் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. நூல்களுக்கு நம் சட்டம் இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது. இந்தியாவில் விற்பனையில் இல்லாத புத்தகத்தை, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று படி வரை நகலெடுத்துக்கொள்ளலாம். புத்தகம் என்ற சொல்லுக்குள் வரைபடத்தையும் இசைக்குறிப்பையும் சேர்த்த சட்டம், விளையாட்டைச் சேர்க்கவில்லை. மாறாக, 63பி பிரிவின்படி, உரிமை மீறிய நிரல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. லாபத்துக்காகச் செய்யாவிட்டால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம், அவ்வளவுதான். நேற்று வெளியான விளையாட்டுக்கும் யாரும் விற்காத ‘ஹனுமானு’க்கும் அந்தப் பிரிவில் வித்தியாசமே கிடையாது.

விற்காமல் வைத்திருப்பதும் உரிமையாளரின் உரிமைதானே என்ற மறுப்பை எளிதில் தள்ள முடியாது. இன்று மூடிய கல்லா நாளை திறக்கலாம். பழைய விளையாட்டுகளைத் தொகுத்து மறுபடி விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இலவச நகல் பரவிக் கிடந்தால் அந்த முயற்சிக்கே ஊக்கம் குறையும். இது உண்மையான பலவீனம். அதனால்தான் நான் சொல்லும் அளவுகோல் நாள்தோறும் சரிபார்க்க வேண்டிய ஒன்று: மறுவெளியீடு வந்த அன்றே இறக்குவதை நிறுத்திக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் உரிமை என்பது அழியவிடும் உரிமையாக நீள முடியாது. பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.எம். செட்டியார் கையில் இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசே பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கின்றன. உரியவருக்கும் ஏதோ சேர்ந்தது, படைப்பும் பிழைத்தது. நாட்டுடைமை என்ற சொல்லை அன்றாடம் புழங்கும் சமூகம் விளையாட்டு விஷயத்தில் மட்டும் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

1954ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றின் படியும் சென்னை கன்னிமாரா பொது நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சட்டத்தில் இந்திய விளையாட்டுகளையும் சேர்க்க வேண்டும். விற்பனையில் இல்லாதவற்றை நூலகத்திலேயே எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க 52ஆம் பிரிவில் இடம் வேண்டும். வீட்டுப் பரணில் பிஎஸ்2 தட்டுகள் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றில் ‘ஹனுமான்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ‘வெண்பா’வை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள், அதன் கல்லா இன்னும் திறந்தே இருக்கிறது.