மறைத்தலும் ஒளித்தலும்: ஒரு சொல்லுக்குள் அடங்காத வினைகள்

தரம் 10 மாணவர் ஒருவர் கட்டுரையில் 'ஊழலை ஒளிப்போம்' என்று எழுதியிருந்தார். ஒழிப்போம் என்றுதான் எழுத நினைத்திருக்கிறார். நம்மட நாவில் ழகரமும் ளகரமும் ஒன்றுதானே, பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன! திருத்திவிட்டேன். ஆனால், நடப்பதை அந்தப் பிள்ளை சரியாகத்தான் எழுதிவிட்டதோ என்ற எண்ணம் இரண்டு நாள் விடவில்லை.

அதே வாரம் எங்கள் பகுதியில் ஒரு பொது நிறுவனத்தின் கணக்கு பற்றிய கூட்டம். வரவுக்கும் செலவுக்கும் இடையில் ஒரு தொகையைக் காணோம். கேள்வி எழுந்ததும் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் எழுந்து, ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்துள்ள ஹதீஸைச் சொன்னார். கூட்டம் அத்தோடு அடங்கிவிட்டது. ஹதீஸில் பிழையில்லை, ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பது. பிழை, 'மறைத்தல்' என்ற தமிழ்ச் சொல்லை அவர் கையாண்ட விதத்தில்.

அந்த ஹதீஸில் வருவது 'ஸத்ர்'. போர்த்துதல், திரையிடுதல் என்று பொருள். அப்துஸ் ஸத்தார் என்ற பேரில் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள், அந்த ஸத்தாரும் இந்த வேரில் பிறந்ததுதான். சூரத்துல் பகராவின் 283ஆம் வசனம் சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவமுடையது என்கிறது. அங்கே வருவது 'கத்ம்'. அதே சூராவின் 271ஆம் வசனத்தில் தர்மத்தை ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது மேல் என்னும்போது 'இக்ஃபா'. 'குப்ர்' என்பதன் வேரிலும் மூடுதல் என்ற பொருள் உண்டு. அதனால்தான் சூரத்துல் ஹதீதில் விதையை மண்ணால் மூடும் உழவர்களுக்கு 'குஃப்பார்' என்ற சொல் வருகிறது. இதில் முதல் மூன்றும் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் 'மறைத்தல்' என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. புண்ணியமும் பாவமும் ஒரே வினையில்! வாசகர் சூழலைப் பார்த்துப் பிரித்தறியலாம்தான். குத்பாவைக் காதால் மட்டும் கேட்பவருக்கு அது அவ்வளவு இலேசில்லை.

அரபுச் சொல்லை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. பிர்அவ்னின் குடும்பத்து மனிதர் ஒருவர் தன் ஈமானை மறைத்திருந்ததைச் சொல்லவும் குர்ஆன் இதே 'கத்ம்' வினையைத்தான் ஆள்கிறது. அவர் மறைத்தது தன்னுடையதை. சாட்சியத்தை மறைப்பவன் மறைப்பது அடுத்தவனின் உரிமையை. அப்படியானால் எதை மறைக்கிறோம், அதனால் யாருக்கு நட்டம் என்ற கேள்வி எந்த மொழியிலும் மிஞ்சத்தான் செய்யும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றாகும்போது அந்தக் கேள்வியே எழாமல் போகிறது.

தமிழில் சொல் இல்லையா? கொட்டிக் கிடக்கிறது. இரப்பவனுக்குக் கொடுக்க இருந்தும் இல்லையென்பதை வள்ளுவர் 'கரப்பு' என்கிறார். 'இரவு' அதிகாரத்தின் முதற் குறளிலேயே, அந்தப் பழி கரந்தவரைத்தான் சேரும் என்று தீர்த்தும் விடுகிறார். கத்மின் பாவப் பக்கத்துக்கு இதைவிடக் கிட்டிய சொல் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் செய்தால் அது 'பதுக்கல்'. 2021இல் சீனிக்கும் அரிசிக்கும் நாடு பட்ட பாட்டில் அந்தச் சொல்லை நாம் மறக்க வழியில்லை. முறைப்பாட்டைக் கிடப்பில் போட்டால் 'அமுக்கிட்டாங்க'.

எங்கட மூத்தம்மா எழுத வாசிக்கத் தெரியாதவர். 'அடுத்த ஊட்டு குமர்ர விஷயத்தப் பொத்தி வைங்க புள்ள' என்பார். சாமான் வாங்கப் போன பேரன் மிச்சக் காசைத் தராவிட்டால் 'காச ஒளிச்சிட்டான்' என்பார். பொத்துவது ஒரு பிள்ளையின் மானத்துக்காக, ஒளிப்பது கள்ளத்துக்காக. இரண்டையும் அவர் ஒருநாளும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. படித்த நாம்தான் 'மறைத்தல்' என்று இரண்டையும் ஒரு பெட்டிக்குள் போட்டோம்.

ஒரு வார்த்தை இதற்குள் சொல்லவேண்டும். குர்ஆனைத் 'திருமறை' என்கிறோம். 'மறை' வேதத்தைக் குறித்த பழைய சொல், சீறாப்புராணத்திலும் புழங்குவது. ஆனால் 'முபீன்', தெளிவானது, என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வேதத்துக்கு மறைபொருள் என்ற பேர் எப்படிப் பொருந்தியது? அதை எடுத்தால் இந்த இதழ் போதாது. அடுத்த முறைக்கு வைக்கிறேன்.

மொழிபெயர்ப்போரிடமும் மிம்பரில் ஏறுவோரிடமும் கேட்பது இவ்வளவுதான். ஸத்ருக்குக் 'குறையைப் போர்த்துதல்' என்று எழுதிப் பாருங்கள். சாட்சியத்துக்கும் அமானிதத்துக்கும் 'ஒளித்தல்' என்றே போடுங்கள், பேச்சுச் சொல் என்று கூச வேண்டாம். அன்று அந்தப் பெரியவருக்கு முன்னால் 'போர்த்துதல்' என்ற சொல் இருந்திருந்தால், கணக்குப் புத்தகத்தின்மேல் அதைப் போர்த்த அவருக்கே நாக்கூசியிருக்கும்.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கணக்குப் புத்தகம் இன்றுவரை கூட்டத்துக்கு வரவில்லை.