கேட்காமலே ஒரு மறுபரிசீலனை

அகதிப் பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர் அடுத்த கட்டத்தில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. "நான் சொல்றதை இன்னொரு ஆளாவது உட்கார்ந்து கேட்கட்டும்" என்பார், அவ்வளவுதான். ஆஸ்திரேலியா 2015ல் தொடங்கிய குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் சரியாக அதைத்தான் எடுத்துவிட்டது.

2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களுக்காக உண்டான 'விரைவுப் பாதை' இது. அதில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். வழக்கமான தீர்ப்பாயம் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கும். இந்த ஆணையமோ, துறை அனுப்பிய கோப்பைப் படித்தே முடிவு சொல்லலாம். புதிய ஆதாரம் வேண்டுமா? விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்ட வேண்டும். அது மட்டும் போதாது, முன்பே ஏன் கொடுக்கவில்லை என்கிற மாதிரி இன்னொரு படியும் உண்டு. இதன் நோக்கம் என்று சட்டம் சொல்வது திறமை, விரைவு, பாரபட்சமின்மை. அன்றிருந்த வழக்கமான தீர்ப்பாயத்தின் சட்டத்தில் 'நியாயம்' என்ற சொல்லும் இருந்தது. இங்கே அது காணோம்!

இதன் விளைவு 2020ல் ஏபிடி17 என்ற வழக்கில் வெளிப்பட்டது. அகதிகளின் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் இப்படி எழுத்தும் எண்ணும்தான். அவர் இலங்கைத் தமிழர். இராணுவம் சித்திரவதை செய்ததாகச் சொன்னதை நேரில் விசாரித்த அதிகாரி நம்பினார். ஆனால் திரும்பிப் போனால் ஆபத்தில்லை என்று விசாவை மறுத்தார். ஆணையம் அந்த நேர்காணலின் ஒலிப்பதிவை மட்டும் கேட்டுவிட்டு, சித்திரவதையே நடக்கவில்லை என்றது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (நம்ம ஊர் கணக்கில் உச்ச நீதிமன்றம்) அந்த முடிவை ரத்து செய்தது. நேரில் பார்த்தவர் நம்பியதை, பார்க்காதவர் காரணமின்றித் தள்ளக் கூடாது, கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

முடிவு சரி. காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. முகபாவத்தையும் உடல்மொழியையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா என்ன? வதைபட்டவர் உணர்ச்சியே இல்லாமல் பேசலாம், சிரிக்கவும் செய்யலாம். நேர்காணலின் பயன் முகம் பார்ப்பதில் இல்லை. "இந்த இடத்துல முரண்படுதே, ஏன்?" என்று கேட்டு, அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தருவதில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னாரா, தேதி குழம்பியதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

தீர்ப்பு முகத்தைப் பிடித்துக்கொண்டதால் ஒரு விசித்திரம். அதிகாரி நம்பியவருக்கு அது உதவும். அதிகாரியே நம்பாதவருக்கு? ஆணையமும் ஒலிப்பதிவைக் கேட்டு "நானும் நம்பவில்லை" என்றால், இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதிடுவது கஷ்டம். இன்னொரு விசாரணை அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

நீதிமன்றமும் விசா தராது. சட்டப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும், இருந்தால் திருப்பி அனுப்பும்.

2024 அக்டோபர் 14ல் இந்த ஆணையம் ஒழிக்கப்பட்டது. புதிய நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயம் வந்தது, நிலுவை வழக்குகள் அங்கே போயின. ஆனால் ஆணையம் ஏற்கெனவே மறுத்துவிட்டவர்களுக்குத் தானாக மறு விசாரணை கிடையாது. நீதிமன்றத்தில் சட்டப்பிழையைக் காட்டினால் புதிய தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இல்லையென்றால், அமைச்சர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்துவாரா என்று காத்திருக்க வேண்டியதுதான்.